மார்ச் மார்க்கை ஒளித்து வைக்காதே பாப்பா

பாப்பா,

நேற்று போனில் நீ அழுததும் நான் சத்தம் போட்டதும் இரண்டுமே வேண்டாத வேலை. இங்கே மதுரையில் பொழுது விடிகிறது, அப்பத்தாவுக்குக் காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டு, மண்டை தெளிவாக இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ சொல்வது எனக்குப் புரிகிறது. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்காக மார்ச்சில் எழுதிய எஸ்.ஏ.டி. தேர்வில் கணக்குக்கு 680, அதை யாரும் பார்க்கக் கூடாது, ஆகஸ்ட்டில் வாங்கிய 1470 மட்டும் போகட்டும் என்கிறாய். ஆனால் அதே மார்ச் தாளில்தான் ஆங்கிலத்துக்கு 740 இருக்கிறது, ஆகஸ்ட்டில் அது 700 ஆக இறங்கிவிட்டது, கணக்கு மட்டும் 770க்கு ஏறியது. எந்த மார்க்கை அனுப்புவது என்று நாமே முடிவு செய்யும் ஸ்கோர் சாய்ஸ் வசதியில் தேர்வுத் தேதியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், ஒரு பகுதியை மட்டும் கத்தரித்து அனுப்ப முடியாது. 680ஐ மறைத்தால் 740உம் சேர்ந்து மறைந்துவிடும். இரண்டு தேதியும் போனால், ஒவ்வொரு பகுதியிலும் சிறந்த மார்க்கை எடுத்துக் கூட்டும் சூப்பர்ஸ்கோர் பார்க்கிற கல்லூரியில் 740உம் 770உம் சேர்ந்து நீ 1510. நாற்பது மார்க்கை வெட்கத்துக்காக விடுவதா?

இன்னொன்று. பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் மார்க்கை நாமே நிரப்பும் இடத்தில், ஒவ்வொரு பகுதியிலும் நீ வாங்கிய அதிகபட்சம் எவ்வளவு, எந்தத் தேதியில் என்றுதான் கேட்கிறார்கள். அந்த 680ஐ எழுத அங்கே கட்டமே இல்லை.

பிரவுனுக்கும் ஜார்ஜியா டெக்குக்கும் மறைக்கிற பேச்சே கிடையாது, அதற்குக் காரணம் உன் அப்பன். மார்க் வருவதற்கு முன்பே கல்லூரிகளின் பெயரைக் கொடுத்தால் நான்கு கல்லூரிக்கு மார்க்கை இலவசமாக அனுப்புவார்கள் என்றதும், ஓசியை விடுவானேன் என்று மார்ச்சிலேயே உன்னை டிக் அடிக்க வைத்தேன், மார்ச் மார்க் அங்கே போய்விட்டது. அவசரக்குடுக்கை. போனது போகட்டும், இரண்டுமே மார்க் கட்டாயம் கேட்கிற இடங்கள் (கொரோனா காலத்தில் விட்டிருந்ததை 2024 மார்ச்சில் பிரவுன் திரும்பக் கொண்டுவந்துவிட்டது), அங்கே ஆகஸ்ட் மார்க்கும் போய்ச் சேர்ந்தால்தான் மார்ச்சுக்குத் துணை கிடைக்கும்.

பெர்க்லிக்குக் கவலைப்படாதே, கலிபோர்னியா பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக்கு இந்த மார்க்கைப் பார்ப்பதே இல்லை.

கொலம்பியா பல்கலைக்கழகம்தான் யோசிக்க வேண்டிய இடம். விருப்பமிருந்தால் அனுப்பு என்கிறார்கள். அங்கே சேர்ந்தவர்களில் நடுவில் உள்ள பாதிப் பேரின் மார்க் 1500ஐ ஒட்டித் தொடங்குகிறது, உன் 1510 கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஆனால் அந்தக் கணக்கில் இருப்பவர்கள் மார்க் அனுப்பியவர்கள் மட்டும். குறைவாக வாங்கியவர்கள் அனுப்பாமலே விட்டுவிடுவதால் கோடு தானாக மேலே ஏறிக் கிடக்கிறது. டார்ட்மத் கல்லூரியில் ஆராய்ந்து பார்த்தபோது, வசதி குறைந்த பிள்ளைகள் சிலர் தங்களுக்குக் கை கொடுத்திருக்கும் மார்க்கைக்கூட அனுப்பாமல் விட்டிருந்தார்கள் என்று தெரிந்தது, அதனால்தான் 2024இல் அங்கே மறுபடி கட்டாயமாக்கினார்கள். நம் வீட்டு நிலைமை வேறுதான், ஆனாலும் நானாக இருந்தால் அனுப்புவேன். அம்மா வேண்டாம் என்கிறாள். இந்த ஒன்றில் நீ முடிவு செய், உன் கட்டுரை எப்படி வந்திருக்கிறது என்பது எங்களைவிட உனக்குத்தான் தெரியும்.

இன்னொரு சேர்க்கைத் தேர்வான ஏ.சி.டி.யில் நீ வாங்கிய 31ஐ அனுப்பாமல் அப்படியே விட்டுவிடு. ஒப்பீட்டு அட்டவணையில் அது 1400க்குப் பக்கம், 1510 பக்கத்தில் அதற்கு வேலையில்லை. எல்லாத் தேர்வையும் காட்டு என்று கேட்கும் கல்லூரி எதையாவது கடைசி நேரத்தில் சேர்த்தாயானால் மட்டும் எனக்குச் சொல்.

பல இடங்களில் நாமே எழுதும் மார்க் போதும், சீட் கிடைத்த பிறகுதான் எஸ்.ஏ.டி.யை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து நேராக வரச் சொல்கிறார்கள். ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்தையும் படித்துவிட்டு, தேவை என்றால் மட்டும் பணம் கட்டு. கார்டு அம்மாவிடம் இருக்கிறது. நவம்பர் 1 வரை இழுக்காமல் இந்த வாரமே முடி.

அப்பத்தா நீ சாப்பிட்டாயா என்று இரண்டாவது தடவையாகக் கேட்கிறாள். அங்கே இப்போது ராத்திரி, சாப்பிட்டிருப்பாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பா