ஞாயிறு இரவு விழித்திருப்பேன்

அன்புள்ள கயல்,

போனில் பேச ஆரம்பித்தால் 'அப்புறம் கூப்பிடுகிறேன்' என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் மின்னஞ்சல். வேலை அதிகம் என்று தெரியும். சித்தியிடம் அரை மணி நேரம் பேசினாயாம், நல்லது.

பள்ளியில் இந்த வாரம் முழுக்க வானம் பார்க்கும் நிகழ்ச்சி. ஓய்வு பெற்ற பிறகும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். சனிக்கிழமை பிள்ளைகளைக் காவலூர் வானாய்வகத்துக்கு அழைத்துப் போனோம். 2.34 மீட்டர் ஆடி விட்டமுள்ள தொலைநோக்கியின் முன்னால் வாலுப் பையன்கள்கூட வாயடைத்து நின்றார்கள். 1977-இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் நேரத்தில், அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியில் கவனித்த கதையைச் சொன்னேன். கோள் வந்து மறைக்கும் முன்பே அந்த விண்மீனின் ஒளி சற்றே மங்கி மீண்டது. இங்கே பதிவானதையும் மற்ற இடங்களில் பதிவானதையும் சேர்த்துப் பார்த்துத்தான் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று அறிந்தார்கள். அப்போது வளையத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

போன வாரம் உன் குரல் சரியாக இல்லை. சளி என்றாய். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று அம்மா கேட்டதற்குப் பனி கொட்டுவதைப் பற்றிப் பேசினாய். இரவில் ஒழுங்காகச் சாப்பிடு.

மாலைகளில் பள்ளி மொட்டைமாடியில் கூடுகிறோம். டார்ச் விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். வெள்ளை வெளிச்சம் பட்டால், இருட்டுக்குக் கண் பழக மறுபடியும் இருபது நிமிடம் வேண்டும். நேற்று கார்த்திகை விண்மீன் கூட்டத்தை எண்ணச் சொன்னேன். எல்லோரும் ஆறோடு நின்றுவிட்டார்கள். நீ ஏழு எண்ணுவாய், நாலாம் வகுப்பிலேயே. அந்தக் கண் இந்த வட்டாரத்தில் யாருக்கும் இல்லை என்று இன்றும் சொல்வேன். அத்தனை கூர்மையான பெண் எதையும் மனதில் போட்டுப் புதைத்துக்கொள்ளலாமா?

நள்ளிரவு நெருங்கினால் தெற்கே அகத்தியர், அதாவது கனோபஸ் நட்சத்திரம், பளிச்சென்று தெரிகிறார். உன் டொராண்டோவில் அவர் உதிப்பதே இல்லை. நம் ஊரில் மலை முகட்டுக்குக் கீழே பதுங்கும் துருவ நட்சத்திரமோ, அங்கே 44 டிகிரி உயரத்தில் நிற்கும்.

ஞாயிறு, 13-ஆம் தேதி இரவுதான் முக்கியம். ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சம். புனர்பூச நட்சத்திரங்கள் இருக்கும் திசையிலிருந்து சிதறுவது போலத் தெரியும். பெரும்பாலான பொழிவுகள் வால்மீன் விட்டுச்சென்ற தூசியால் வருபவை. இதற்கு மூலம் ஃபேத்தான் என்ற சிறுகோள். நல்ல இருட்டில் மணிக்கு நூறுகூட விழும். உன் ஊரிலும் தெரியும். நகர வெளிச்சத்தை விட்டுத் தள்ளிப் போக வேண்டும். தனியாகப் போகாதே. யாராவது சிநேகிதியை அழைத்துக்கொள். கம்பளித் தொப்பி போட்டுக்கொள். வயிறு காயாமல் சாப்பிட்டுவிட்டுப் போ.

அன்று விடியும்வரை நான் மலையில்தான் இருப்பேன். இங்கே இரவு 2 மணி என்றால் உனக்குப் பிற்பகல் 3.30. அம்மா பக்கத்தில் இருக்க மாட்டாள். அவளிடம் சொல்ல முடியாதது எதுவானாலும் என்னிடம் சொல். டிக்கெட்டுக்குப் பணம் வேண்டுமானால் அதையும் சொல். வங்கியில் எடுத்து வைத்திருக்கிறேன். வருவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தனியாக வந்தாலும் சரி, ஊர் என்ன சொல்லும் என்று நினைக்காதே. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பருப்புப்பொடியை அம்மா கூரியரில் அனுப்பியிருக்கிறாள். வந்ததும் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

அப்பா