ஃபேரேயில் இரண்டு இரவு

அன்பு மகளுக்கு,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய பயண அட்டவணையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பரிஸ், பிரசல்ஸ், அம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக். பத்து நாளில் ஐந்து தலைநகரம். “பிள்ளை விடுமுறைக்குப் போகிறாளா, தபால் கொடுக்கப் போகிறாளா?” என்று கேட்டாள். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் மருமகன் மெனக்கெட்டுப் போட்ட அட்டவணை. தொலைபேசியில் சொன்னால் குறை பிடிப்பதுபோல் இருக்கும். அதனால்தான் கடிதம்.

பெர்லினை எடுத்துவிடு. அந்த இரண்டு இரவையும் ஒல்லாந்தின் தென்மேற்கு மூலையில், சீலாந்து மாகாணத்தில் இருக்கும் ஃபேரே என்ற சிற்றூருக்குக் கொடு. ரொட்டர்டாமில் உன் மாமி மகன் வீட்டில் நான் தங்கியிருந்தபோது, அவன்தான் என்னை அங்கே கூட்டிப்போனான். ஆயிரத்தைந்நூறு பேர் அளவில் வாழும் ஊர். அரைமணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம் என்று அவன் சொன்னான். பொழுது சாயும்வரை நான் நகரவில்லை.

நம்முடைய மட்டக்களப்புக்கும் அதற்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1601 மே மாதத்தில் யோரிஸ் ஃபான் ஸ்பில்பேர்கன் என்ற கப்பல் தலைவன் மூன்று கப்பல்களோடு புறப்பட்டது இந்தத் துறையிலிருந்துதான். செம்மறிக்கடா, செம்மறியாடு, ஆட்டுக்குட்டி என்பவை அக்கப்பல்களின் பெயர்கள். கடற்பயணத்துக்கு இதைவிடச் சாதுவான பெயர்களை நான் கேள்விப்பட்டதில்லை. அவன் கடலில் இருக்கும்போதே, 1602 மார்ச்சில், ஒல்லாந்தில் கிழக்கிந்தியக் கம்பனி தொடங்கப்பட்டுவிட்டது. அந்த ஆண்டு மே மாதக் கடைசியில் மட்டக்களப்புக் கரைக்கு வந்து, பிறகு கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்தான். போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் கட்டிய கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் பிடித்ததெல்லாம் அதன் தொடர்ச்சிதான். கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, ஏதாவது பத்திரம் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கோட்டை வாசலால்தானே நுழைந்தோம். அந்தக் கதை தொடங்கிய துறைமுகத்தின் கற்படியில் நான் நின்றபோது, அங்கே வாத்துகள் மட்டும் நீந்திக்கொண்டிருந்தன.

ஒரு காலத்தில் ஸ்கொட்லாந்தின் கம்பளி ஐரோப்பாவுக்குள் நுழையும் வாசலாக ஃபேரே இருந்தது. 1541 ஒப்பந்தத்தின்படி ஸ்கொட்லாந்து வணிகர்களுக்கு அங்கே தனிச் சலுகைகள் இருந்தன. 1799வரை அந்த ஏற்பாடு நீடித்தது. அவர்களுடைய இரண்டு வீடுகள் இப்போதும் துறைமுகத்தை நோக்கி நிற்கின்றன. எனக்கு அவற்றைவிடப் பிடித்தது தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. 1551இல் கட்டப்பட்டது. சுற்றிலும் உப்புக் கடல், குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. கம்பளி வணிகர்களுக்கு நல்ல நீர் தருவதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது. தேவாலயத்தின் பெரிய கூரையில் விழும் மழையை அப்படியே நிலத்தடித் தொட்டிக்கு இறக்கிவிட்டார்கள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வரும்வரை நம் வீட்டுக் கிணற்றின் உவர்ப்பு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். அந்தத் தொட்டியைப் பார்த்தால் நீயும் கொஞ்ச நேரம் நிற்பாய்.

பிறகு வணிகம் போய்விட்டது. நெப்போலியனின் படை வந்து தேவாலயத்தை இராணுவ மருத்துவமனையாக மாற்றியது. ஊரில் பணம் இல்லை. பணம் இருந்திருந்தால் பழைய வீடுகளை இடித்துப் புதிது கட்டியிருப்பார்கள், இன்று பார்க்க எதுவும் மிஞ்சியிருக்காது. வறுமை காப்பாற்றிய அழகு அது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது அழகாகத் தெரிந்திருக்குமா என்பது வேறு விடயம்.

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் காலம் தள்ளிய எனக்குக் கண் போனது ஊரின் முன்னால் இருக்கும் நீர்ப்பரப்பில். 1953ஆம் ஆண்டு ஜனவரி 31 இரவு கடல் பொங்கி ஒல்லாந்தில் 1,836 பேர் இறந்தார்கள். அதன்பிறகு கழிமுகங்களை அணை கட்டி மூடத் தொடங்கினார்கள். ஃபேரேயின் கடல்வாய் 1961இல் மூடப்பட்டது. கடலாக இருந்தது ஏரியாகிவிட்டது, மீன்பிடிப் படகுகள் வேறு துறைக்குப் போய்விட்டன. நம் வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை நினைத்துக்கொள். மாரியில் வெள்ளம் ஏறினால் மணல் திட்டை வெட்டிவிடு என்று வயற்காரர் வருவார்கள், இப்போது வெட்டாதே என்று மீன்பிடிப்பவர்கள் வருவார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும், நடுவில் நிற்கும் அலுவலருக்குத்தான் தூக்கம் இருக்காது. ஒல்லாந்தர் ஒரேயடியாக மூடிப் பார்த்தார்கள். தண்ணீர் கெட்டு, பாசி பிடித்தது. கடைசியில் 2004இல் ஏரியின் மறுமுனை அணையில் தண்ணீரைத் திறந்து மூடும் துருசு ஒன்று வைத்து, கடல்நீரை மறுபடி உள்ளே விட்டார்கள். இதை அறிந்தபோது எனக்கு உண்டான திருப்தியை உன் மச்சானுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை.

இப்படிப்பட்ட ஊர்களை எப்படித் தேடுவது என்று கேட்பாய். இணையத்தில் ‘மறைந்திருக்கும் மாணிக்கம்’ என்று போட்டிருப்பதை நம்பாதே. அப்படிப் போட்ட அன்றே மறைவு போய்விடும். ஒஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் எண்ணூறு பேர்கூட இல்லை. சுற்றுலாக் கூட்டம் தாங்காமல் ஊர்க்காரரே வீதியில் இறங்கி எதிர்ப்புக் காட்டினார்கள். என் வழி வேறு. ஒரு காலத்தில் பெரிதாக இருந்து, கடலோ வணிகமோ கைவிட்ட துறைமுகங்களைத் தேடு. பழைய வரைபடத்தில் பெரிய எழுத்திலும் புதிய வரைபடத்தில் சின்ன எழுத்திலும் இருக்கும் பெயர்கள் அவை. பெல்ஜியத்தில் புரூஜுக்குப் பக்கத்தில் டாம் இருக்கிறது. ஸ்வின் என்ற கடற்கால் மணல் மூடியதால் ஓய்ந்த துறை. ஒல்லாந்தின் வடக்கே எங்க்ஹௌசன். 1932இல் பெரிய அணை வந்து அதன் கடலை ஏரியாக்கிவிட்டது. பிரான்ஸின் தெற்கே எக்மோர்த். 1248இல் ஒன்பதாம் லூயி மன்னன் சிலுவைப் போருக்குக் கப்பல் ஏறிய இடம். இன்று மதில் மட்டும் முழுதாக நிற்க, கடல் தூரத்தில் இருக்கிறது. கோடையில் அங்கும் கூட்டம் உண்டு.

மட்டக்களப்பையே எடுத்துக்கொள். வெள்ளைக்காரர்கள் பாசிக்குடாவில் குளிப்பார்கள், பிறகு நேரே அறுகம் குடாவுக்கு ஓடுவார்கள். புளியந்தீவில் ஒரு மணி நேரம் நிற்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். நிற்பவர்களைக் காந்திப் பூங்காவில் கண்டால் நான் பேச்சுக் கொடுப்பேன். இரவு தங்கினவர்களுக்கும் மத்தியானம் வந்து போகிறவர்களுக்கும் கேள்வியிலேயே வித்தியாசம் தெரியும். தங்கினவர்கள் மனிதரைப் பற்றிக் கேட்பார்கள். வந்து போகிறவர்கள் கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள்.

ஆகவே ஃபேரேயில் தங்கு. ஓகஸ்டில் பகலில் அங்கும் நெரிசல்தான். மாலையில் பஸ்களும் கார்களும் போனபிறகுதான் ஊர் தன் சுபாவத்துக்கு வரும். ரொட்டர்டாமிலிருந்து மிடில்பேர்க்குக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து பஸ். மருமகனுக்குக் கால் ஓடுமென்றால் வாடகைச் சைக்கிள் எடுத்துக் கால்வாய்க் கரையோடு போகலாம், ஏழு கிலோமீட்டர் அளவுதான், ஏற்றமே இல்லை. எதிர்காற்று மட்டும் உண்டு. சாப்பாட்டில் மட்டி நல்லது, ஆனால் மிளகாய் என்ற பொருளை அவர்கள் அறியார்கள். கறுவாவும் சீனியும் பிசுபிசுவென்று ஒட்டிய ‘போலஸ்’ என்ற பணிஸ் ஒன்று இருக்கிறது. பேரனுக்கு இரண்டு வாங்கிக்கொடு, நீ பல்லைப் பற்றிப் பேசாதே.

இன்னொன்று. வடக்கே இன்னொரு தீவில் ஔவர்கேர்க் என்ற இடத்தில் 1953 வெள்ளத்துக்கு ஓர் அருங்காட்சியகம் உண்டு. கடைசி உடைப்பை அடைக்க இறக்கிய நான்கு பெரிய கொங்கிறீற் பெட்டிகளுக்குள்ளேயே அதை அமைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிகளை வேலைக்காரன் கண்ணால் பார்த்தேன், அற்புதம். உள்ளே இருக்கும் படங்களை அப்படிப் பார்க்க முடியவில்லை. சுனாமிக்குப் பிறகு நாவலடியில் நம் ஆட்களைத் தேடித் திரிந்த நாட்களை நீ மறந்திருக்கமாட்டாய். பேரனைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்பதை நீயும் மருமகனும் பேசி முடிவு செய்யுங்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஃபேரேயில் தங்குமிடங்கள் குறைவு. இந்தக் கிழமையே பதிவு செய். ஏரியின் மறுமுனைக்குப் போனால் அந்தத் துருசைப் படம் எடுத்து அனுப்பு. உங்கள் மூன்று பேரையும் முன்னால் நிறுத்தி எடுக்காமல், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும்படி எடு.

அம்மா தனியாக எழுதுகிறாளாம்.

அன்புடன்,
அப்பா
கல்லடி