குரல் போன கதை

பாம்பன்
ஆகஸ்ட் 3

மாப்பிள்ளை சேவியருக்கு,

நீ மூன்று தடவை போன் போட்டும் நான் எடுக்கவில்லை. கோபமில்லை, குரல் இல்லை. இப்போதும் பத்து நிமிஷம் பேசினால் வாய் உப்பளமாகக் காய்ந்துவிடுகிறது. அதனால்தான் கடுதாசி. வீட்டில் எல்லோரும் சுகம். படகுக் கடன் அப்படியே இருக்கிறது.

கார்த்திகையிலேயே கழுத்தில் கட்டி. வலியில்லை. மீன்முள் குத்தியிருக்கும் என்றேன். ஒரு டாக்டர் மூன்று தடவை மாத்திரை மாற்றினார். தடைக்காலம் வரட்டும், படகு கரையில் நிற்கும்போது பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். ஏப்ரல் 15-க்கு அப்புறம் மதுரைக்குப் போனால், டான்சிலில் புற்றுநோய். பி16 சோதனையில் வைரஸால் வந்தது என்றார்கள். பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் கொடுக்கும் அதே எச்பிவி. 35 நாள் கரண்டு, அதாவது கதிர்வீச்சு; கூடவே வாரம் ஒரு மருந்து. ஜூன் 15-இல் நம் படகு கடலுக்குப் போனபோது நான் முகமூடி மாட்டி மேஜையில் படுத்திருந்தேன்.

அங்கே சின்னப்பாலத்துப் பெண் ஒருத்தி, பாசி எடுக்கிறவள், முப்பத்தெட்டு வயசு. அவளுக்கு மூக்குக்குப் பின்னால், வேறு வைரஸ், ஈபிவி. அந்த வகையில் நோய் ஒரே கட்டத்தில் இருக்கும்போது வந்தவர்களைப் பார்த்தால் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் பிழைக்கிறார்கள், மாதவிலக்கு நிற்காத வயசில் அது இன்னும் நன்றாகத் தெரியும் என்றார் டாக்டர். 'அப்போ என் வகையில்?' என்று கேட்டேன். ஆண்களுக்குத்தான் பல மடங்கு வருகிறதாம். பிழைப்பதில் ஆண் பெண் கணக்கு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறதாம். அமெரிக்காவில் 2010-இல் வந்த ஆய்வில், மூன்று வருஷம் கழித்து வைரஸ் உள்ளவர்களில் 100-க்கு 82 பேர் உயிரோடு, இல்லாதவர்களில் 57. நான் சிரித்தேன். 'பீடி எத்தனை வருஷம்?' என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. புகை இந்தக் கணக்கைக் கெடுத்துவிடுமாம்.

மேரி இரண்டு நாள் பேசவில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். பல வருஷம் முன்னால் ஒட்டியதாக இருக்கலாம், யார் என்று சொல்ல முடியாது என்று டாக்டரே அவளிடம் சொன்னார். நீ தொண்டித் திருவிழாவைப் பற்றி வாய் திறந்தால் தெரியும் சேதி! மூன்றாம் நாள் கஞ்சியை வைத்துவிட்டுச் சொன்னாள்: 'வைரஸ் கிடக்கட்டும். ஐந்து மாசம் கட்டியை மறைத்தது உங்கள் ஆம்பளைத் திமிர். அந்தப் பாசிக்காரி மூக்கில் ரத்தம் வந்த வாரமே ஓடியிருக்கிறாள்.' பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, மாப்பிள்ளை. ராத்திரியில் அதுதான் குடைகிறது.

ருசி இன்னும் வரவில்லை. நண்டுக் குழம்பும் வெந்நீரும் ஒன்றுதான்.

ஒரு வேலை. நம் நாட்டிலேயே செய்கிற எச்பிவி ஊசி, செர்வாவாக், 9 வயசிலிருந்து 26 வரை பையன்களுக்கும் போடலாமாம். சென்னையில் என்ன விலை என்று விசாரித்து எழுது. ஜானுக்குப் பதினாலு. உன் சின்னவனுக்கும் அதே வயசுதானே?

பீடியை விட்டுவிட்டேன். நீயும் விடு, கழுதை.

உன்,
அந்தோணி