ஐஸ்கிரீம் வரலாற்றில் உப்பைக் காணவில்லை: சிறுவர் நூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

சிறுவர்களுக்காகத் தமிழில் பொது அறிவு நூல்களும் அறிவியல் கட்டுரைகளும் எழுதும் ஆசிரியர்களுக்கும், அவற்றை வெளியிடும் பதிப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அண்மையில் என் பேத்தி தன் புத்தகத்திலிருந்து ஐஸ்கிரீம் பிறந்த கதையை எனக்கு வாசித்துக் காட்டினாள். ரோமப் பேரரசன் நீரோ மலைப்பனியில் தேன் கலந்து உண்டான். மார்க்கோ போலோ சீனாவிலிருந்து ஐஸ்கிரீம் செய்முறையைக் கொண்டுவந்தார். இத்தாலியைச் சேர்ந்த கேத்தரின் தே மெடிச்சி பிரெஞ்சு அரச குடும்பத்தில் திருமணமாகிப் போனபோது அதைப் பிரான்சுக்கு எடுத்துச் சென்றார் என்று மூன்று கதைகள் அதில் இருந்தன. அந்தப் பக்கத்தில் உப்பு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. இதே மூன்று கதைகளை இதே வரிசையில் வேறு பல நூல்களிலும் நான் கண்டிருக்கிறேன் என்பதால், ஒரு நூலைக் குறை கூறாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இம்மடலை எழுதுகிறேன்.

மார்க்கோ போலோ 1295இல் வெனிஸ் திரும்பினார். தாத்தாரியர்கள் (மங்கோலியர்கள்) பாலை வெயிலில் உலர்த்தி, பயணத்தின்போது நீரில் கரைத்துக் குடித்தார்கள் என்ற செய்தி அவருடைய பயண நூலில் உள்ளது. பாலை உறைய வைத்து உண்டார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. கேத்தரின் பதினான்கு வயதில் மணம் முடித்தது 1533இல். அவர் காலத்து ஆவணங்களில் ஐஸ்கிரீம் பற்றிய பேச்சே இல்லை. அக்கதை பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். ரோமானியர் பனியைச் சேமித்து வைத்துப் பானங்களைக் குளிர்வித்தது மட்டும் உண்மை. ஆனால் ஒன்றைக் குளிர வைப்பது வேறு, உறைய வைப்பது வேறு. இந்த வேறுபாட்டில்தான் ஐஸ்கிரீமின் உண்மையான பிறப்பு இருக்கிறது.

வகுப்பில் ஆண்டுதோறும் நான் ஒரு சோதனை செய்வேன். சிறிய எவர்சில்வர் தூக்கில் சர்க்கரை கலந்த பாலை ஊற்றி மூடி, உடைத்த ஐஸ்கட்டி நிறைந்த வாளிக்குள் வைப்பேன். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் பால் சில்லென்று இருக்கும், ஆனால் பாலாகவே இருக்கும். உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸ். சர்க்கரை கலந்த பால் உறைவதற்கோ அதற்கும் சில டிகிரி கீழே போக வேண்டும். ஆகவே மலையளவு பனிக்கட்டியைக் குவித்தாலும் அந்தப் பால் உறையாது. பிறகு அதே வாளியில் சில கைப்பிடி கல் உப்பைப் போட்டுக் கிளறுவேன். வெப்பமானியின் கோடு சுழியத்துக்குக் கீழே இறங்கும், வாளியின் வெளிப்புறத்தில் வெண்பனி படரும், தூக்கின் உட்சுவரில் பால் கெட்டியாக ஒட்டத் தொடங்கும்.

“உப்புப் போட்டால் ஐஸ் சீக்கிரம் உருகுகிறதே சார், அப்படியென்றால் சூடுதானே ஏற வேண்டும்?” என்று யாராவது ஒரு மாணவரோ மாணவியோ தவறாமல் கேட்பார்கள். நான் ஆசிரியனாக இருந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. உப்பு கரைந்த நீர் 0 டிகிரியில் உறையாது. எனவே உப்புப் பட்ட பனிக்கட்டி உருகிக்கொண்டே போகும். ஒரு கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை அது தன்னைச் சூழ்ந்துள்ள நீரிடமிருந்தும் பாலிடமிருந்தும் பறித்துக்கொள்வதால், கலவை முழுவதும் மேலும் மேலும் குளிர்கிறது. உப்பும் பனிக்கட்டியும் சரியான அளவில் சேர்ந்தால் மைனஸ் 21 டிகிரி வரை போகலாம்.

இந்த அறிவு வளர்ந்து வந்த பாதையே ஐஸ்கிரீமின் வரலாறு, அது அரசவைக் கதைகளைவிடச் சுவையானது. பனியே இல்லாமல் வெடியுப்பை (பொட்டாசியம் நைட்ரேட்) நீரில் கரைத்துக் குளிர்ச்சி உண்டாக்கும் முறையை 13ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் மருத்துவர் இப்னு அபீ உசைபிஆ எழுதி வைத்தார். வெடிமருந்தில் நெருப்பைக் கக்கும் அதே வெடியுப்பு அக்பரின் அரண்மனையில் குடிநீரைக் குளிர்வித்ததை அவருடைய அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் வியப்புடன் குறிப்பிடுகிறார்: ஐந்து சேர் (பழைய எடை அளவு) நீரில் இரண்டரை சேர் வெடியுப்பைப் போட்டு, வாய் மூடிய நீர்க்குடுவையை அதற்குள் கால் மணி நேரம் சுழற்ற வேண்டுமாம். பனியையும் வெடியுப்பையும் சேர்த்து, கண்ணாடிக் குப்பியில் இருக்கும் திராட்சை மதுவை உறைய வைக்கும் வழியை இத்தாலியின் ஜியாம்பத்தீஸ்தா தெல்லா போர்த்தா 1589இல் வெளியிட்டார். கேத்தரினின் திருமணத்துக்கு அரை நூற்றாண்டுக்குப் பிந்திய செய்தி இது.

அடுத்த நூறாண்டுக்குள் அது சமையலறைக்கு வந்துவிட்டது. 1671இல் இங்கிலாந்தின் வின்ட்சர் அரண்மனை விருந்தில் இரண்டாம் சார்லசின் மேசைக்கு மட்டும் ஒரு தட்டு ஐஸ்கிரீம் வந்தது. நேப்பிள்சில் அந்தோனியோ லத்தீனி 1690களில் பாலில் செய்து உறைய வைக்கும் சர்பத்துக்குச் செய்முறைக் குறிப்பு எழுதினார். 1718இல் லண்டனில் அச்சான மேரி ஈல்ஸ் அம்மையாரின் குறிப்பு என் சோதனையேதான்: ஆறு தகரப் பாத்திரங்களில் பாலேடு, பதினெட்டு முதல் இருபது பவுண்டு பனிக்கட்டி, ஒரு பவுண்டு கடல் உப்பு, வெளிச்சம் படாத நிலவறையில் நான்கு மணி நேரம். கைப்பிடியைச் சுழற்றிப் பாலைக் கடைந்துகொண்டே உறைய வைக்கும் கருவிக்கு அமெரிக்காவின் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி 1843இல் காப்புரிமை பெற்றார். கடைவதால் பனிப்படிகங்கள் பெருகாமல் நுண்ணியவையாகவே நிற்கின்றன, காற்றும் உள்ளே சேர்கிறது. நாம் இன்று அறிந்த மென்மை அப்படித்தான் வந்தது. அந்தக் கருவியிலும் உறைய வைத்தவை உப்பும் பனிக்கட்டியும்தான்.

தமிழ்க் குழந்தைக்கு இதைச் சொல்லத் தொலைவில் தேட வேண்டியதில்லை. சென்னைக் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம், பாஸ்டன் வணிகர் ஃபிரடெரிக் டியூடர் கப்பலில் அனுப்பிய பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுந்தது. அமெரிக்க ஏரிகளில் அறுத்த பனிப்பாளங்கள் மரத்தூள் பொதிந்து மாதக்கணக்கில் கடல் கடந்து வந்தன. அந்த வட்டாரத்தை மக்கள் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்கிறார்கள். இரவில் மணியடித்து வரும் குல்ஃபிக்காரரின் பானைக்குள் சிவப்புத் துணியை விலக்கிப் பார்த்தால், கூம்பு வடிவ அச்சுகளைச் சுற்றி உப்புக் கலந்த ஐஸ் இருக்கும்.

உங்களிடம் நான் வேண்டுவது இவ்வளவே. அடுத்த பதிப்பில் அந்த மூன்று கதைகளை நீக்குங்கள், அல்லது அவற்றுக்குச் சான்று இல்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள். விட்ட இடத்தில் வாளி, ஐஸ், கல் உப்பு, பால் என்று அந்தச் சோதனையைப் படத்துடன் போடுங்கள். வெறும் கையால் அந்தக் கலவையைத் தொடக்கூடாது என்ற எச்சரிக்கையையும் மறவாமல் சேர்த்துவிடுங்கள். படத்தையும் குறிப்பையும் தயாரிக்க உதவி வேண்டுமானால், ஊதியம் எதுவும் எதிர்பாராமல் செய்துதர நான் அணியமாக இருக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்