மருந்துச் சீட்டில் நேரத்தையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய வேளாண் அலுவலர்களுக்கு,

வணக்கம். மானூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் மக்காச்சோளம் போடுகிறவன் நான். 2018-இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு இன்னும் எங்களை விடவில்லை. பயிர் முழங்கால் உயரம் வரும்போதே குருத்தில் மரத்தூள் மாதிரி எச்சம் கிடக்கிறது.

போன வருஷம் கடையில் சொன்ன மருந்தை, சொன்ன அளவில், பகல் பதினோரு மணிக்கு ஆள் விட்டு அடித்தேன். மூன்று நாள் கழித்தும் புழு அப்படியே இருந்தது. பக்கத்துக் காட்டு அண்ணாச்சி, "மருந்தைக் கூட்டி ஊத்து, இல்லைன்னா சாகமாட்டேங்கு" என்றார். எனக்கு மனசு வரவில்லை. அன்று ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் போய்ப் பார்த்தேன். பகலில் எச்சத்துக்கு அடியில் பதுங்கிக் கிடந்த பெரிய புழுக்களெல்லாம் வெளியே வந்து இலையைத் தின்றுகொண்டிருந்தன.

படைப்புழுவுக்கு நாளே பொழுது சாய்ந்த பிறகுதான் தொடங்குகிறது. தாய் அந்துப்பூச்சி மணம் விட்டு ஆணைக் கூப்பிடுவதும் முட்டையிடுவதும் இரவில்தான். இதிலேயே இரண்டு வகை உண்டு. மக்காச்சோள வகை முன்னிரவிலும், நெல்லையும் புல்லையும் தின்னும் வகை பின்னிரவிலும் இணைசேர்கின்றன. படித்தபோது அசந்துபோனேன். முழு இருட்டில் அடைத்து வைத்தாலும் பூச்சியின் உள்கடிகாரம் ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று ஓடும். பழ ஈயில் அதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் 2017-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நீங்கள் தரும் சீட்டில் மருந்தின் பெயரும் டேங்குக்கு எத்தனை மில்லி என்பதும் இருக்கின்றன. அதன் கீழே 'சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், குருத்துக்குள் இறங்கும்படி' என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அந்நேரம் அடித்தால் வெயிலில் மருந்து காயாது. புழு வெளியே வரும்போது ஈரம் இருக்கும். பூ எடுத்த காட்டில் தேனீயும் அதற்குள் கூட்டுக்குத் திரும்பியிருக்கும்.

கஷ்டம் கூலியில்தான். மருந்தடிக்கும் ஆட்கள் காலையில் வந்து மதியம் போய்விடுவார்கள். நான் சாயங்காலம் கூப்பிட்டால் வீம்பு பிடிக்கிறேன் என்கிறார்கள். சீட்டில் உங்கள் கையெழுத்தோடு நேரம் இருந்தால் பேச்சு வேறு. அப்புறம், புரட்டாசியில் விதைப்புக்கு முன் நடத்தும் பயிற்சியில் ஒரு நாளையாவது ராத்திரி எட்டு மணிக்கு, டார்ச் லைட்டோடு, காட்டிலேயே வையுங்கள். என் காட்டைத் தருகிறேன்.

இப்படிக்கு,
மானூர்ப் பக்கத்து மக்காச்சோள விவசாயி