35 மாதம்

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுவது. அம்மா மாவடு போட்டுவிட்டாள். உன் பங்கு தனி ஜாடியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, வேலை இருந்திருக்கும்.

பீரோவைத் துடைத்தபோது உன் காலேஜ் கேசியோ கால்குலேட்டர் கிடைத்தது. பேட்டரி மாற்றியதும் உயிர் வந்துவிட்டது. 31 வருஷம் வகுப்பில் கிளார்க்ஸ் லாக் டேபிள் புத்தகத்தைப் புரட்டி லாக் 2-க்கு 0.3010 என்று எழுதிப்போட்டவன் நான். இதில் ஒரு தட்டு, பத்து இலக்கம் வருகிறது. ஷிஃப்டை அமுக்கி அதே பட்டனைத் தட்டினால் ஆன்டிலாக்.

சும்மா ஒரு கணக்குப் போட்டேன். ரெண்டு வட்டிக்கு வாங்கிக் கட்டாமல் விட்டு, வட்டி முதலோடு சேர்ந்துகொண்டே போனால், எப்போது இரட்டிக்கும்? லாக் 2-ஐ லாக் 1.02-ஆல் வகுக்க வேண்டும். 2.3665 வந்தது. ரெண்டரை மாதம்கூட இல்லையா என்று திக்கென்றது. லாக் தட்டியதும் அடைப்புக்குறி தானாகத் திறந்துகொள்கிறது, மூடுவது நம் வேலை. நான் 2-க்குப் பிறகு மூடவில்லை. பின்னால் வந்த வகுத்தலும் உள்ளே போய்விட்டது. மூடிப் போட்டால் 35.003. 1.02-ஐ 35 அடுக்குக்கு ஏற்றிச் சரிபார்த்தேன். ஒரு லட்சம், 1,99,989 ஆகிறது.

உனக்குத் தெரியாததில்லை. லாக் கணக்கை மனசிலேயே போட்டவன் நீ என்று ஸ்டாஃப் ரூமில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு போன் பண்ணத் தெரியவில்லை.

வீட்டு நம்பருக்கு யாரோ ரெண்டு தடவை கூப்பிட்டு உன்னைக் கேட்டார்கள். ராங் நம்பர் என்று அம்மாவிடம் சொன்னேன். நான் எதுவும் கேட்கவில்லை. கணக்குப் போட்டால் அடைப்புக்குறியை மூடிவிட்டுப் போடு, அவ்வளவுதான்.

கிணத்தடி நிலம் பெரியப்பா பாகத்தில் போய்விட்டது என்றேன் அல்லவா, போகவில்லை. அக்கா கல்யாணத்துக்கு மூணு வட்டிக்கு வாங்கினேன், அந்தக் கடனில் போனது. மூணு வட்டி இரட்டிக்க 23 மாதமும் கொஞ்சமும்தான். வகுப்பில் பிள்ளைகளுக்கு இதே கணக்கைக் கொடுத்துக்கொண்டே என் கடனுக்கு ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே. பெரியப்பா வீட்டுக்கு உன்னைப் போகவிடாமல் வைத்தேன். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

என் பெயரில் கொஞ்சம் பணம் இருக்கிறது. எவ்வளவு, எத்தனை வட்டி, எத்தனை மாதம் என்று மட்டும் எழுது. மீதியை நான் போட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லாதே, அம்மா பக்கத்திலேயே இருப்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் பண்ணு.

அப்பா