செயலாளரின் ஆண்டறிக்கை: இந்த ஆண்டு மண்ணைப் பற்றிப் பேசினோம்

தலைவர் அவர்களுக்கும் நிருவாக சபையினருக்கும் மரக்கறிச் செய்கை செய்யும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழமைபோல ஆலய மண்டபத்தில் நடந்தன. மாரி கடுமையாக இருந்தபோது ஒரு கூட்டம் தள்ளிப்போனது. கமநல சேவை நிலையத்தின் ஊடாகக் கிடைத்த மிளகாய், கத்தரி விதைகளை எல்லோருக்கும் பகிர்ந்தோம். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இனி வருவது முழுவதும் ஒரே விடயம்தான்: மண்ணில் சேரும் கழிவும், மருந்துக்குப் பணியாத கிருமிகளும். இதற்கு ஏன் இவ்வளவு இடம் என்று சிலர் நினைக்கலாம். என் மனதில் இந்த ஆண்டு நாம் கையில் எடுத்தவற்றில் இதைவிடப் பெரியது வேறில்லை.

நவம்பர் 18 முதல் 24 வரை, நுண்ணுயிர்க்கொல்லிகளுக்குக் கிருமிகள் பணியாமல் போவதைப் பற்றிய உலக விழிப்புணர்வு வாரம். அதையொட்டி ஒரு கால்நடை வைத்தியரை அழைத்துப் பேசவைத்தோம். கோழிக்கும் மாட்டுக்கும் அன்டிபயோட்டிக் மருந்தைக் கண்டபடி கொடுக்க வேண்டாம் என்று அவர் விளக்கினார். இந்த எதிர்ப்பின் நேரடி விளைவாக 2019இல் மட்டும் உலகில் சுமார் 12.7 இலட்சம் பேர் இறந்தார்கள் என்ற கணிப்பையும் சொன்னார். பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்டார்: "அப்ப நாங்க மருந்தை நிப்பாட்டினா எல்லாம் சரியாகிருமா டொக்டர்?" அது மட்டும் போதாது, மண்ணில் சேரும் கழிவையும் பார்க்க வேண்டும் என்றார் அவர். அந்தப் பதில்தான் எங்களை இந்தப் பக்கம் இழுத்தது.

எதிர்ப்பு என்பது மண்ணில் வாழும் பற்றீரியாவுக்குப் புதிய பழக்கமல்ல. காசநோயைக் குணமாக்கிய முதல் அன்டிபயோட்டிக்கான ஸ்ட்ரெப்டோமைசின், 1943இல் மண் பற்றீரியா ஒன்றிலிருந்துதான் எடுக்கப்பட்டது. அடுத்ததைக் கொல்ல நஞ்சு சுரக்கும் உயிர், அந்த நஞ்சிலிருந்து தன்னைக் காக்கவும் வழி வைத்திருக்கும். கனடாவில் 30,000 ஆண்டுகளாக உறைந்துகிடந்த மண்ணில், வான்கோமைசின் என்ற அன்டிபயோட்டிக்கை எதிர்க்கும் மரபணு இருந்ததை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே அந்த மரபணுக்கள் மண்ணில் இருப்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டியதில்லை. அவற்றைச் சுமக்கும் பற்றீரியா மட்டுமே பிழைக்கும் நிலையை மனிதர் உண்டாக்கும்போதுதான் சிக்கல்.

தொழிற்சாலைக் கழிவு அந்த நிலையை உண்டாக்குகிறது. கழிவில் அன்டிபயோட்டிக் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. செம்பு, நாகம் (துத்தநாகம்), ஈயம், கட்மியம், இரசம் (பாதரசம்) போன்ற உலோகங்கள் போதும். உலோகம் உள்ளே புகுந்தால், தோணிக்குள் ஏறும் தண்ணீரை இறைத்து ஊற்றுவதுபோல, சில பற்றீரியா அதை வெளியே தள்ளிவிடும். அப்படித் தள்ளும் பம்பிகளில் சில, மருந்தையும் சேர்த்தே தள்ளும். இன்னொரு வழியும் உண்டு. உலோகத்தைத் தாங்கும் மரபணுவும் மருந்தை எதிர்க்கும் மரபணுவும் பிளாஸ்மிட் என்ற ஒரே மரபணு வளையத்தில் சேர்ந்திருப்பதுண்டு. மண்ணில் உலோகம் இருக்கும்வரை அந்த வளையத்தைப் பற்றீரியா கைவிடாது. பக்கத்தில் இருக்கும் வேறு இனப் பற்றீரியாவுக்கும் கொடுக்கும். மருந்துகளில் பல நாளடைவில் சிதைந்துவிடும். உலோகம் சிதையாது. தலைமுறை கடந்தும் மண்ணில் கிடக்கும். எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த விடயம் இதுதான்.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் சவானா ஆற்றோரம், 1950களிலிருந்து அணு ஆயுதத்துக்கான மூலப்பொருள் செய்த ஒரு நிலம் இருக்கிறது. அங்கே எடுத்த மண்ணின் மரபணுக்களை ஜோர்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். உலோகம் கூடிய மண்ணில் அன்டிபயோட்டிக் எதிர்ப்பு மரபணுக்களும் கூடியிருந்தன. மருந்து நேரடியாகவே கலந்த இடமும் உண்டு. ஹைதராபாத்துக்கு அருகே பட்டாஞ்செருவில், 2007 அளவில் சுமார் 90 மருந்து உற்பத்தியாளர்களின் கழிவைச் சுத்திகரித்த நிலையம் ஒன்று இருந்தது. அங்கிருந்து வெளியேறிய நீரில், ஒரு லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபுளொக்சசின் என்ற அன்டிபயோட்டிக் இருந்ததாக 2007இல் வெளிவந்தது. மருந்து குடிக்கும் நோயாளியின் இரத்தத்தில்கூட அவ்வளவு இருப்பதில்லை.

இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னபோது மூத்த அங்கத்தவர் ஒருவர், "தம்பி, நம்மட ஊர்ல பெக்டரி எங்க இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பெரிய ஆலை என்றால் வாழைச்சேனைக் கடதாசி ஆலையும் ஹிங்குராணைச் சீனி ஆலையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் உலோகம் வருவதற்குப் புகைபோக்கி வேண்டியதில்லை. பழைய பற்றரியை உடைத்து ஈயம் எடுக்கும் இடம், கராஜ்களில் ஊற்றும் கழிவெண்ணெய், குப்பையோடு எரியும் இலத்திரனியல் பொருள், கட்மியம் கலந்த பொஸ்பேற் உரம், எல்லாமே வழிதான். அப்புறம் நாங்கள் விரும்பி வாங்கும் கோழி எரு. கோழித் தீவனத்தில் சேர்க்கும் செம்பிலும் நாகத்திலும் பெரும்பங்கு எச்சத்தோடு வெளியே வந்துவிடும். கோழிக்குக் கொடுத்த மருந்தின் மிச்சமும் அதில் இருக்கும். மூன்றும் ஒன்றாக வந்து இறங்குவது எங்கள் பாத்தியில்.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையின் மணல் மண்ணில் எதை ஊற்றினாலும் சீக்கிரம் கிணற்றுக்கு இறங்கும். மழை வந்தால் வாய்க்கால் வழியாக வாவிக்குப் போகும், அங்கே மீனும் இறாலும். வல்லாரையையும் பொன்னாங்காணியையும் நாம் பச்சையாகச் சம்பல் போட்டுச் சாப்பிடுகிறோம். இலையில் ஒட்டிய மண்ணோடு போகும் பற்றீரியா, தான் சுமக்கும் மரபணுவை எங்கள் குடலில் வாழும் பற்றீரியாவுக்குக் கொடுக்க வாய்ப்பிருக்கிறது. யாரையும் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இலைகளை நன்றாகக் கழுவுங்கள், பிள்ளைகளுக்கு நிச்சயமாகக் கழுவிக் கொடுங்கள்.

நிருவாக சபை சில முடிவுகளை எடுத்தது. கோழி எருவைப் பச்சையாகப் பாத்தியில் போடுவதை நிறுத்த வேண்டும். குவித்து, நனைத்து, புரட்டி, உள்ளே 55 பாகை செல்சியசுக்கு மேல் சில நாட்கள் சூடு நிற்க விட்டால் கிருமிகள் பெருமளவு சாகும். எதிர்ப்பு மரபணுக்கள் பலவும் குறையும். உலோகம் மட்டும் குறையாது. அதனால் எரு வாங்கும் பண்ணையில் தீவனத்துக்கு என்ன சேர்க்கிறார்கள் என்று கேட்பதும் எங்கள் வேலை. கேட்கக் கூச்சப்பட வேண்டாம், காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம். ஐரோப்பிய ஒன்றியம் பன்றிக்குட்டிகளுக்கு மருந்தாகக் கொடுத்துவந்த நாக ஒக்சைட்டை 2022 ஜூனோடு நிறுத்தியதற்கு, சூழல் கெடுவதோடு இந்த எதிர்ப்புப் பிரச்சினையும் காரணம்.

வாய்க்காலோரம் பற்றரி உடைக்கும் இடம் பற்றிப் பிரதேச செயலகத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. நேரில் போய்க் கேட்க மூன்று பேர் கொண்ட குழு ஒன்றைப் பொதுச்சபை இன்று தெரிவுசெய்ய வேண்டும். வாய்க்காலோரத் தோட்டங்களின் மண்ணையும் கிணற்று நீரையும் ஈயம், கட்மியம், செம்பு, நாகம் ஆகியவற்றுக்குப் பரிசோதிக்கும் செலவை, வரும் ஆண்டின் சந்தாப் பணத்திலிருந்து ஒதுக்கும் தீர்மானத்தையும் இத்துடன் சபையின் அங்கீகாரத்துக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்